ராசிக்காரி பார்க்காத டப்பா

கலர்க்காரருக்கு அன்று காலையில் காபி தொண்டைக்குள் இறங்கவில்லை. பெயின்ட் கடை வைத்து ஊரெல்லாம் சுவருக்குக் கலர் கலந்து கொடுக்கிறவர், சொந்த மகளின் கண்ணைப் பற்றி யோசித்து யோசித்து மண்டை காய்ந்து உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் அந்தப் புள்ளிப் படம் செய்த வேலை. போன வாரம் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர் ஒரு படத்தைக் காட்டியிருக்கிறார். வட்டத்துக்குள் கலர் கலராகப் புள்ளிகள், நடுவில் வேறு கலர்ப் புள்ளிகளால் ஓர் எண். வகுப்பே கோரஸாக எண்ணைச் சொன்னபோது கலர்க்காரர் மகள் மட்டும், எண் எங்கே இருக்கிறது என்று கேட்டாளாம். அவளுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியவில்லை என்று அன்றைக்குத்தான் வெளிச்சமாயிற்று.

மகளுக்கு வீட்டில் பட்டாணி என்று பேர். பிறந்தபோது அத்தனை உருண்டையாக இருந்தாள். பாரம்பரியம் என்கிற பாடத்தையே தோட்டத்தில் பட்டாணிச் செடி வளர்த்த ஒரு துறவிதான் தொடங்கி வைத்தார் என்று டீச்சர் சொல்ல, மொத்த வகுப்பும் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்ததாம். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

காலையில் அம்மா தலை பின்னிவிடும்போது பட்டாணி அந்தப் பாடத்தை அப்பாவுக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். கலர்க்காரர் தனக்குத் தெரிந்த தொழிலை வைத்துப் புரிந்துகொள்ளப் பார்த்தார். வெள்ளையில் சிவப்பைக் கலந்தால் ரோஸ் வருகிற மாதிரி, அம்மாவையும் அப்பாவையும் கலந்தால் பிள்ளை. அவ்வளவுதானே?

"இல்லப்பா. கலந்தா அப்புறம் பிரிக்க முடியாதுல்ல? இது அப்படி இல்ல. சாவி மாதிரி. அம்மா ஒண்ணு குடுப்பாங்க, அப்பா ஒண்ணு குடுப்பாங்க. ரெண்டும் தனித்தனியா அப்படியே இருக்கும்."

சிவப்பு பச்சையைப் பிரித்துக் காட்டும் சாவி எக்ஸ் என்கிற குரோமோசோமில் இருக்கிறதாம். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆகவே சாவியும் இரண்டு. ஒன்று துருப்பிடித்தாலும் மற்றது கதவைத் திறந்துவிடும். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அது அம்மாவிடமிருந்து வருவது. அது துருப்பிடித்திருந்தால் கதை முடிந்தது.

"எனக்குக் கதவு திறக்கலன்னா ரெண்டு சாவியும் துரு. ஒண்ணு அம்மா குடுத்தது, ஒண்ணு நீங்க குடுத்தது. உங்ககிட்ட இருந்ததே அந்த ஒரு சாவிதான். அப்போ உங்களுக்கும் கலர் தெரியாம இருக்கணும்ப்பா. ஆனா நீங்க கலர்க்காரராச்சே! எப்படி?"

மகள் கள்ளம் கபடமில்லாமல்தான் கேட்டாள். கலர்க்காரர் பதிலுக்கு மனைவியைப் பார்த்தார். அவள் பின்னலை முடித்து ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டே, கண் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், நேரமாகிறது என்று மகளைக் கிளப்பினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாசல் வரை போனவள் திரும்பி, "நான் வர்ற வரைக்கும் மேட்சிங் வேலை எதையும் எடுக்காதீங்க. நம்பர் போட்ட கலர் மட்டும் கலந்து குடுங்க" என்றாள். வெளியே கிளம்பும்போதெல்லாம் அவள் சொல்வதுதான். தலையாட்டி வைத்தார்.

அந்தக் கடையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். அட்டையில் நம்பர் பார்த்துக் கேட்கிற கலர் என்றால் கணக்கு இருக்கிறது. இந்தச் சாயம் இத்தனை, அந்தச் சாயம் இத்தனை என்று அளந்து ஊற்றிக் கலக்கினால் வந்துவிடும். கஷ்டமே மேட்சிங்தான். பழைய சுவரிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு வந்து, இதே மாதிரி வேண்டும் என்பார்கள். அதற்கு நம்பரும் கிடையாது, கணக்கும் கிடையாது. கண்தான்.

சில்லு வந்ததும் மனைவி கல்லாவில் வாங்கி வைத்துக்கொண்டு, "வெளிர் மஞ்சளா? ரூமுக்கா, ஹாலுக்கா?" என்று உள்ளே கேட்கிற மாதிரி ஊர்க்கதை பேசுவாள். அவர் உள்ளே நின்று கலப்பார். முடிந்ததும் டப்பா மூடியில் விரலால் ஒரு தடவல் தடவி அவளிடம் நீட்டுவார். அவள் வாசல் வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்து, போகலாம் என்றால்தான் டப்பா போகும். சில நாள் இன்னும் கொஞ்சம் மஞ்சள் விடச் சொல்வாள், விடுவார். கடை திறந்த புதிதில் அவள் பார்க்காமல் போன டப்பா ஒன்று திரும்பி வந்துவிட்டது. அன்றிலிருந்து அது ராசி. கடைத்தெருவே அவளை ராசிக்காரி என்றுதான் கூப்பிடும். பொண்டாட்டி மூஞ்சியைப் பார்க்காமல் மனுஷனுக்கு மூடி போடக்கூட வராது என்று கிண்டலும் உண்டு. கலர்க்காரர் அதற்கெல்லாம் சிரித்துக்கொள்வார். அவருக்கு அந்தக் கிண்டல் பிடிக்கும்.

ராசிக்காரியும் பட்டாணியும் பஸ் ஏறிய கையோடு எதிர்ச்சாரித் தையல் கடையிலிருந்து அக்கா வந்துவிட்டாள். கழுத்தில் இன்ச் டேப்பு தொங்க, கையில் கத்தரிக்கோலோடு. கலர்க்காரருக்கு ஒரே கூடப்பிறந்தவள், அவரைவிட மூத்தவள். அவள் மகன் ரயில் ஓட்டுகிற வேலைக்கு எழுதித் தேறிவிட்டான். இனி உடல் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி, அதுவும் வருகிற திங்கட்கிழமை. அந்தப் பெருமையில் ஒரு வாரமாக அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. துணி தைக்க வருகிறவர்களுக்கு அளவெடுக்கும் முன்பே சேதியைச் சொல்லிவிடுகிறாள்.

ஆனால் இன்றைக்கு அந்தப் பேச்சு இல்லை. பட்டாணி போகிற போக்கில் அத்தைக்கும் சாவிப் பாடத்தை ஒப்பித்துவிட்டுப் போயிருக்கிறாள். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"தம்பி, கேக்கிறேன்னு கோவிச்சுக்காதே. பாடத்துல தப்பு இருக்காது. படிச்சவங்க எழுதினது. உன் கண்ணுலயும் தப்பு கிடையாது, ஊருக்கே கலர் கலந்து குடுக்கிற. அப்போ தப்பு எங்கடா இருக்கு?"

கலர்க்காரருக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது காது இரண்டும் சூடாகிவிட்டது. அடித்து விரட்டியிருக்க வேண்டும். வாயை மூடு அக்கா என்று ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுக் கையிலிருந்த கலக்குகிற கட்டையைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார். அக்கா, நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். கொளுத்திப் போடுகிறவர்கள் யாரும் கெட்டதுக்கென்று சொல்லிவிட்டுக் கொளுத்துவதில்லை.

அதற்கப்புறம் அந்த மனுஷன் பட்ட பாடு இருக்கிறதே!

பட்டாணியின் சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருக்கும். அவருக்கும் அப்படியே. வெயிலில் வந்தால் இருவரும் தும்முவார்கள். இது போதாதா என்று நெஞ்சைத் தேற்றிக்கொண்டார். அடுத்த நிமிஷமே, வளைந்த விரல் உலகத்தில் உனக்கு மட்டும்தானா என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அவ்வளவுதான், கடைக்கு வருகிறவர்கள் கையையெல்லாம் பார்க்க ஆரம்பித்தார். பிரஷ் வாங்க வந்த பெயின்டர் கை நேர் விரல். வார்னிஷ் கேட்ட தச்சர் கையும் நேர் விரல். சரக்கு இறக்க வந்த லாரிக்காரர் விரல் வளைந்திருந்தது. கலர்க்காரர் அவரை மேலும் கீழும் முறைத்தார். அந்த லாரிக்காரர் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தே ஒரு வருஷம்தான் ஆகிறது. பட்டாணியோ ஏழாம் வகுப்பு. கணக்கு இடித்ததும் அவருக்கே வெட்கமாகிவிட்டது. லாரிக்காரரைக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் எதற்கென்று தெரியாமலே குடித்துவிட்டுப் போனார்.

வெட்கம் வந்ததே தவிர, குழப்பம் போகவில்லை. ராசிக்காரி அப்படிப்பட்டவளா? சத்தியமாக இல்லை. அப்படியானால் பாடம் பொய்யா? அதுவும் இல்லை. பின்னே காலையில் அவள் ஏன் வாயே திறக்கவில்லை? மகள் கேட்டபோது, அப்படியெல்லாம் இல்லை என்று ஒரு பேச்சுச் சொல்லியிருக்கலாமே. அவளுக்கு என்னமோ தெரியும். தெரிந்துதான் மறைக்கிறாள். பட்டாணி தன் பிள்ளை இல்லை என்றால் தனக்கு வேறு என்ன இருக்கிறது? அழுகைகூட வரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துத் தெருப் பல் டாக்டர் வந்து சேர்ந்தார். கையில் ஒரு சுவர்ச் சில்லு. நோயாளிகள் காத்திருக்கிற அறையில் குழாய் வெடித்து, சுவரைக் கொத்திப் பூசியாகிவிட்டதாம். பூசின இடத்துக்கு மட்டும் இதே கலர் வேண்டும். பெயின்டர் ரோலரும் கையுமாக அங்கே நிற்கிறார். சில்லைக் கல்லாவில் வைத்துவிட்டு, பல் கட்டின ஒருத்தர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி ஓடினார்.

மனைவி சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் வராமல் இல்லை. எடுக்கக் கூடாது என்றால் எடுக்கக் கூடாதா? யார் கடை இது?

சில்லை எடுத்துப் பார்த்தார். மெல்லிய ரோஸ் மாதிரித்தான் இருந்தது. வெள்ளையில் பேர் பார்த்துச் சிவப்புச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார், துளி மஞ்சளும் சேர்த்தார். கலக்கினார், சில்லு மேல் ஒரு ஓரம் தடவிப் பார்த்தார். கொஞ்சம் அழுத்தமாகத் தெரிந்தது, வெள்ளை சேர்த்தார். கடைசியில் தடவின இடம் எது, சில்லு எது என்று சொல்ல முடியாதபடி ஒட்டிப் போயிற்று. இத்தனை அழகாக அவருக்கு என்றுமே வந்ததில்லை.

பழக்க தோஷத்தில் மூடியில் ஒரு தடவல் தடவி, கையைக் கல்லாப் பக்கம் நீட்டிவிட்டார். அங்கே யாரும் இல்லை. நீட்டின கை நீட்டினபடி நின்றது. அவருக்குச் சுர்ரென்று ஏறியது. பிள்ளை விஷயத்திலேயே நம்பிக்கை போன பிறகு பெயின்ட்டுக்கு என்ன ராசி வேண்டிக் கிடக்கிறது? மூடியை வைத்து, சுத்தியலால் சுற்றிலும் ஓங்கி ஓங்கித் தட்டி இறுக்கினார். அந்த வழியாகப் போன ஆட்டோவை நிறுத்தி டப்பாவையும் சில்லையும் ஏற்றிவிட்டார்.

ராசிக்காரி பார்க்காமல் ஒரு டப்பா போயிற்று.

மத்தியானம் வெயில் தாழ்வதற்குள் தாயும் மகளும் திரும்பினார்கள். டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டாராம், பிறவியிலேயே வந்தது, வலியும் இல்லை, கூடவும் செய்யாது, மருந்தும் கிடையாது, மற்றபடி கண் நன்றாக இருக்கிறது. பட்டாணி ஐஸ்கிரீம் சாப்பிட்ட உற்சாகத்தில் சொன்னாள். கலர்க்காரர் மகளின் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார். மனைவி ஏன் இப்படி நிற்கிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தபோது, பல் டாக்டர் வந்துவிட்டார். ஒரு கையில் டப்பா, ஒரு கையில் சில்லு, வாயில் மாஸ்க்.

கோபத்தில் மாஸ்க் மூக்குக்குக் கீழே இறங்கிவிட்டது. என்ன விளையாட்டு இது என்று கேட்டார். பெயின்டருக்கும் சந்தேகம்தானாம், ஆனால் கலர்க்காரர் கடைச் சரக்கு, காய்ந்தால் சரியாகிவிடும் என்று அடித்துவிட்டார். சுவர் முழுக்க ஒரு கலர், நடுவில் தடிப்பு வந்த மாதிரி இன்னொரு கலர். காத்திருக்கிற நோயாளிகள் பல்வலியை மறந்து சிரிக்கிறார்களாம். டப்பா மூடியையும் சில்லையும் கல்லா மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தள்ளினார். சத்தம் கேட்டு எதிர்ச்சாரியிலிருந்து அக்காவும் வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்தவள், ஐயையோ என்று வாயில் கை வைத்துக்கொண்டாள்.

கலர்க்காரர் குனிந்து பார்த்தார். மூடியைப் பார்த்தார், சில்லைப் பார்த்தார். எதற்காக இவ்வளவு கூப்பாடு என்றே அவருக்கு விளங்கவில்லை. எல்லாரும் சேர்ந்து தன்னை வைத்து வேடிக்கை பார்க்கிறார்களோ?

அவர் முழங்கைக்குக் கீழே நுழைந்து பட்டாணியும் எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதானே அப்பா?"

கலர்க்காரர் மகளைப் பார்த்தார். பிறகு மறுபடியும் மூடியை. அவருக்கும் ஒன்றுதான். அவளுக்கும் ஒன்றுதான். அங்கே நின்ற மற்ற மூன்று பேருக்கும் இரண்டு.

"மூடி ரோஸ்டா தம்பி" என்றாள் அக்கா. "அந்தச் சில்லு பச்சை."

பச்சையா? சின்ன வயசில் மரத்துக்குப் பிரவுன் இலை வரைந்து வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கலர்க்காரருக்கு ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து கிரேயானில் ஒட்டியிருக்கிற பேரைப் படிக்காமல் ஒன்றையும் தொட்டதில்லை. உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் படித்துப் படித்துக் கலரைத் தெரிந்துகொள்கிறார்கள், தனக்குக் கொஞ்சம் கவனம் போதாது என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தார். வெளிர் மஞ்சளா, ஹாலுக்கா என்று கல்லாவிலிருந்து கேட்கும் குரலும் ஞாபகம் வந்தது. அது ஊர்க்கதை இல்லையா? அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

ராசிக்காரி அதற்குள் பல் டாக்டரிடம் பேச ஆரம்பித்திருந்தாள். டப்பா மாறிப் போய்விட்டது, தான் இல்லாத நேரம், தப்பு தங்கள் பேரில்தான், சரியான கலரைக் கலந்து கையோடு கொடுத்துவிடுகிறோம், ஐந்து நிமிஷம் இப்படி உட்காருங்கள் என்றாள். டப்பா மாறுவது எந்தக் கடையிலும் நடக்கிறதுதான் என்று அவரும் சமாதானமாகி வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. கடையின் பேர் பிழைத்தது.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் கலர்க்காரர்.

"கல்யாணமான மொத வாரமே தெரியும். மிளகாய் பழுத்திருக்கான்னு கேட்டா தொட்டுப் பார்த்துச் சொன்னீங்க. எங்கப்பாவும் அப்படித்தான் சொல்வார்."

அப்பாவுக்குத் துணியெடுக்க, பழம் பொறுக்க எல்லாம் கூடப் போய் வளர்ந்தவள் அவள். சொன்னால் மனுஷனுக்குக் கை நடுங்கிவிடும், தொழிலே போய்விடும் என்று சொல்லாமலே கூட நின்றுவிட்டாள். அவர் அதற்கு ராசி என்று பேர் வைத்தார், அவளும் சரி என்று விட்டுவிட்டாள்.

பட்டாணி இதற்குள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அம்மாவின் துருச்சாவி அம்மாவின் அப்பாவிடமிருந்து வந்தது. அம்மாவிடம் நல்ல சாவி ஒன்றும் இருப்பதால் அம்மாவுக்குக் கலர் தெரிகிறது. அப்பாவின் துருச்சாவி அப்பாவைப் பெற்ற பாட்டியிடமிருந்து வந்திருக்க வேண்டும். எல்லாம் சரியாக வருகிறது என்று அவளுக்கு ஒரே குஷி. பிறகு நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள்.

"அத்தை, உங்களுக்கும் அதே பாட்டிதானே அம்மா? உங்களுக்கும் அந்தச் சாவி வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். வந்திருந்தா உங்களுக்குத் தெரியாது, நல்ல சாவி இன்னொண்ணு இருக்குல்ல. ஆனா அத்தானுக்கு நீங்க அந்த ரெண்டுல எதைக் குடுத்தீங்களோ, அது ஒண்ணுதான்."

அக்கா சிரிக்கப் பார்த்தாள். என் பிள்ளைக்குக் கழுகுக் கண்ணு என்றாள். சொல்லிவிட்டு, இன்ச் டேப்பை ஒரு பக்கமாக இழுத்து இழுத்துக் கழுத்தில் இறுக்கினாள். திங்கட்கிழமைப் பரிசோதனையில் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும்தானே காட்டுவார்கள்? வேறொன்றும் பேசாமல் படியிறங்கினாள். தெரு நடுவிலேயே நின்று போனை எடுத்து மகனைக் கூப்பிட்டாள். வீட்டு வாசல் கதவு என்ன கலர் என்று அவள் கேட்டது கடை வரைக்கும் கேட்டது. அவன் என்ன சொன்னானோ தெரியவில்லை. போனைக் காதில் வைத்தபடி அவள் நடுத்தெருவிலேயே நின்றாள், ஸ்கூட்டர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் விலகிப் போயின.

கலர்க்காரர் எழுந்தார். மனம் ஒரு பக்கம் பஞ்சாகியிருந்தது. பட்டாணி அவர் பிள்ளை. விரலை எண்ண வேண்டாம், தும்மலைப் பார்க்க வேண்டாம், அவர் கண்ணையே கொண்டு பிறந்திருக்கிறாள். மகள் உச்சியில் கை வைத்தார். இன்னொரு பக்கம் மனைவியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் சில்லைக் கையில் எடுத்து, வெளிர் பச்சை, துளி மஞ்சள் கலந்த பச்சை என்றாள், எப்போதும் போல. அவர் உள்ளே போய்ப் பேர் பார்த்துச் சாயத்தை எடுத்தார்.

"உங்க அக்கா காலையில வந்தாங்களா?" கல்லாவிலிருந்து குரல் வந்தது.

"வந்தா."

"பட்டாணி பாடத்தைப் பத்திக் கேட்டிருப்பாங்களே."

கட்டை டப்பாவுக்குள் சுற்றுவது நின்றது. "கேட்டா."

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

கலர்க்காரர் வாயைத் திறந்தார். ஒரு பொய்யாவது கிடைக்குமா என்று தேடினார். காலையில் துடைத்த கட்டையைத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றதுதான் அக்காவுக்கு அவர் சொன்ன பதில். அவருடைய அந்தத் தடுமாற்றமே ராசிக்காரிக்குப் போதுமாயிருந்தது.

அவர் கலக்கி முடித்தார். மூடியில் விரலால் ஒரு தடவல் தடவினார். கல்லாவுக்கு வந்து அவள் முன்னால் நீட்டினார். பெஞ்சிலிருந்து பல் டாக்டர், ஆயிற்றா என்று குரல் கொடுத்தார்.

ராசிக்காரி மூடியைப் பார்க்கவில்லை. சில்லை மட்டும் அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"இனிமே நீங்களே பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

கலர்க்காரர் மூடியை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்து நின்றார். இந்தக் கையில் மூடி, அந்தக் கையில் சில்லு. எவ்வளவு நேரம் பார்த்தும் அவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன.